காற்றுக்கும் ஓடும் மீட்டர்

மீட்டர் சுற்றுகிறது. குழாயில் தண்ணீர் இல்லை.

அவள் குனிந்து பார்த்தாள். கண்ணாடிக்குள் சின்னச் சக்கரம் பேய் பிடித்த மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்தாள்.

காற்று. புஸ்ஸென்று கை நிறையக் காற்று.

"அது அப்படித்தாம்மா," என்றாள் அந்த வீட்டு முனிலட்சுமி, குடத்தை நகர்த்தாமல். "மொதல்ல காத்து ஓடும். தண்ணி பின்னால வரும்."

"எவ்ளோ நேரம்க்கா?"

"வர்ற வரைக்கும்."

அவள் குடிநீர் வாரியத்தில் உதவிப் பொறியாளர். இன்னும் முப்பது வருடத்தில் இந்த ஊருக்கும், ஊரைச் சுற்றி முளைக்கப்போகும் ஆலைகளுக்கும் எவ்வளவு தண்ணீர் வேண்டியிருக்கும் என்று கணித்துச் சொல்வது வேலை. ஊருக்கு ஜாதகம் எழுதுகிற உத்தியோகம் என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

எழுதியாயிற்று. பாராட்டும் வாங்கியாயிற்று.

ஒன்றே ஒன்றுதான் உறுத்தியது. ஊரிலேயே அதிகமாகத் தண்ணீர் செலவழிப்பது இந்தக் கல்குவாரி காலனி என்றது மீட்டர்க் கணக்கு. பங்களாக்காரர்களைவிட அதிகம். அவளும் அதை நம்பினாள். இவர்களுக்குத் தேவைக்கு மேலேயே போகிறது, புதுக் குழாய் வேண்டாம் என்று எழுதினாள். மிச்சப்பட்ட தண்ணீர் தொழிற்பேட்டைக்குப் போயிற்று, தாளில்.

உறுத்தல் தாங்காமல், தண்ணீர் விடுகிற நாளாகப் பார்த்து இன்று கிளம்பி வந்துவிட்டாள்.

ஐந்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர். மற்ற நாளெல்லாம் குழாய் காலி. வால்வைத் திறந்ததும் உள்ளே அடைந்து கிடந்த காற்று முந்திக்கொண்டு ஓடிவருகிறது. மீட்டருக்குக் காற்றும் ஒன்றுதான், தண்ணீரும் ஒன்றுதான்.

கல்லூரியில் படித்த விஷயம். பரீட்சையில்கூட எழுதியிருக்கிறாள்.

வெட்கமாக இருந்தது.

தெரு முனைக்குப் போய் மேலதிகாரி இளவழகனுக்குப் போன் செய்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். நல்ல மனிதர். குறுக்கிடாமல் கேட்டார்.

"நீ சொல்றது சரிம்மா. ஆனா மத்தியானம் கூட்டத்துல ஒப்புதல் ஆகப்போகுது. அந்தத் தண்ணிய தொழிற்பேட்டைக்குத் தர்றோம்னு சொல்லியாச்சு. இப்பப் போயி எல்லாம் காத்துன்னு சொன்னா சிரிப்பாங்க. அடுத்த கணிப்புல பாத்துக்கலாம்."

அடுத்த கணிப்புக்குப் பத்து வருடம் இருக்கிறது.

திரும்பி வந்தபோது தண்ணீர் வந்திருந்தது. நூல் மாதிரி மெலிசாக.

முதல் குடம் நிறைந்தது. இரண்டாவது பாதியில் நின்றது. குழாய் ஒருமுறை இருமிவிட்டு அடங்கிவிட்டது.

தெருவில் யாரும் கத்தவில்லை. யாரும் யாரையும் திட்டவில்லை. கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். அவளுக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

முனிலட்சுமி மட்டும் நின்றாள். நிறைந்த குடத்தைச் சாய்த்து ஒரு சொம்பில் ஊற்றினாள்.

"வெயில்ல வந்திருக்கீங்க. குடிங்கம்மா."

வேண்டாம் என்ற சொல் நாக்கு வரை வந்தது. சொன்னால், இந்த வீட்டுத் தண்ணீர் தனக்கு ஆகாது என்றுதான் அர்த்தமாகும்.

வாங்கினாள். ஒரு சொட்டு சிந்தாமல் குடித்து முடித்தாள்.

"நல்ல தாகம் போல," என்று சொம்பை வாங்கிக்கொண்டு முனிலட்சுமி உள்ளே போனாள்.

அவள் மறுபடி போனை எடுத்தாள். இளவழகனின் பெயரைத் தாண்டிப் போய், அவருக்கும் மேலே இருப்பவரின் எண்ணைத் தொட்டாள்.