கீழ்வரிசைச் சிலுவைகள்

தோளுக்கு ஒன்றாக இரண்டு மரச்சிலுவைகளைச் சாய்த்துக்கொண்டு இன்னாசி ஏரிச் சரிவில் இறங்கினார். கோயிலின் பின்சுவரில் இன்னும் ஐந்து சாய்ந்திருந்தன. பென்னாகரம் பஸ்ஸிலிருந்து இறங்கிய வெளியூர்க்காரர் ஒருவர், ஊரில் ஒரே நாளில் ஏழு சாவா என்று திகைத்து நின்றார்.

சாவு ஒன்றும் இல்லை. ஏழு பேரும் செத்துப் பல வருடமாகிறது.

மலைமேல் இருக்கும் அந்தச் சின்ன ஊரில் கல்லறைத் தோட்டம் ஏரிக்கரையை ஒட்டி இருந்தது. புரட்டாசி மழைக்கு ஏரி ஏறி, கீழ்வரிசைக் குழிகளை மூடிவிடும். மரம் மிதந்து போய்விடும் என்பதால், அதற்கு முன்பே கோயில் வேலைக்காரரான இன்னாசி சிலுவைகளைப் பிடுங்கிப் பத்திரப்படுத்துவார். ஐப்பசியில் நடவுக்கு மதகைத் திறந்ததும் தண்ணீர் இறங்கும். கல்லறைத் திருநாளுக்கு முதல் நாள் எல்லாவற்றையும் திரும்ப நடுவார்.

அவருக்கு எழுத்து தெரியாது. அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். ஒவ்வொரு சிலுவையின் காலிலும் உளியால் கோடு வெட்டியிருந்தார். முதல் குழிக்கு ஒரு கோடு, இரண்டாவதற்கு இரண்டு. கிழக்குச் சுவரிலிருந்து எண்ணி நட்டால் பிசகாது.

ஒரே ஒரு முறை பிசகியது. அறுபத்தாறாம் வருடம் நான்காவது, ஐந்தாவது சிலுவைகளின் காலைக் கறையான் அரித்துவிட்டது. அரித்த துண்டை அறுத்துப் போட்டபோது கோடுகளும் அதோடு போயின. சேற்றில் நின்றுகொண்டு குத்துமதிப்பாக நட்டார்.

மறுநாள் ராயம்மாள் வந்து, சிலுவையில் புருஷன் அல்போன்ஸின் பெயரைப் படித்துவிட்டு ஐந்தாவது குழிக்கு முன்னால் உட்கார்ந்தாள். அப்போதுதான் இன்னாசி குழிகளைக் கவனித்தார். தண்ணீர் வடிந்தால் குழிமண் அமுங்கி, தோண்டிய நீளம் அப்படியே தெரியும். அல்போன்ஸ் ஆறடி ஆள். அவருக்காக ஒரு முழம் கூடுதலாகத் தோண்டிய நீளக்குழி பக்கத்தில் இருந்தது. அங்கே தன் புருஷன் செபாஸ்டினின் பெயருக்கு முன்னால் மிக்கேலம்மாள் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தாள்.

அன்று அவர் வாய் திறக்கவில்லை. அடுத்த வருடம் மாற்றி நட்டால் தெரிந்துவிடும். மற்ற ஐந்து வீட்டாரும் தங்களுடையது சரிதானா என்று கேட்பார்கள். ஏழு வருடம் தெரிந்தே தப்பாக நட்டு நட்டு அவருக்கு முதுகைவிட மனசு அலுத்துப்போயிருந்தது.

இந்த வருடம் அதற்கும் முடிவு வந்துவிட்டது. பிடுங்கி நட்டது போதும், சிமெண்டுச் சிலுவை வைத்துவிடலாம் என்று சாமியார் சொல்லிவிட்டார். திருநாளுக்கு மறுநாள் காலை கொத்தனார் மாது வருகிறார். சிமெண்டு இறுகிவிட்டால் தப்பும் இறுகிவிடும்.

திருநாளன்று மாலை சாமியார் குழிகளைத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டுப் போனார். ஏரியிலிருந்து பனி எழும்ப, ஜனங்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். வழக்கம்போல ராயம்மாளும் மிக்கேலம்மாளும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். ராயம்மாள் பாலக்கோட்டில் மகள் வீட்டில் இருக்கிறாள். இருவரும் பார்த்துக்கொள்வது வருடத்துக்கு இந்த ஒரு நாள்தான்.

"நீங்க போங்ண்ணா, குளுருது. கேட்டை நாங்க சாத்திக்கறோம்," என்றாள் மிக்கேலம்மாள்.

"வருசா வருசம் இதையே சொல்றீங்க. அப்பிடி என்னாதான் பேசறீங்க ரெண்டு பேரும்?"

"எங்கூட்டு ஆளுங்க மேல பிராதுதான்," என்றாள் ராயம்மாள். "உசுரோட இருந்தப்ப காது குடுத்துக் கேக்கல. இப்ப எந்திரிச்சுப் போவ முடியாதில்ல."

இன்னாசிக்குச் சிரிப்பு வரவில்லை. ராயம்மாள் வைத்திருந்த சிவப்புக் கோழிக்கொண்டைப் பூவையும் மிக்கேலம்மாளின் செண்டுமல்லியையும் பார்த்தார். காலையில் பெருக்க வரும்போது இதன் குழியில் அதுவும் அதன் குழியில் இதுவும் கிடக்கும். பகலில் ஏரிக்காற்று மேட்டுக்கு ஏறும், பொழுது சாய்ந்தால் மலைக்காற்று ஏரிக்கு இறங்கும். காற்றுதான் தள்ளியிருக்கும் என்று நினைத்துக்கொள்வார். ஆனாலும் பார்க்கும்போதெல்லாம் சுருக்கென்று குத்தும்.

தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, அவர்களுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"ஒண்ணு சொல்லணும்மா. கேட்டுப்போட்டு சாமியார்கிட்டப் போறதுன்னாலும் போங்க."

"என்னாங்ண்ணா?"

"இந்தச் சிலுவ ரெண்டும் மாறிப் போச்சுங்க. ஏழு வருசமாச்சு. கால்ல இருந்த கோடு போயிருச்சு, நாந்தான் குத்துமதிப்பா நட்டுப்போட்டேன். அப்பறம் தெரிஞ்சும் சொல்லல. நாளைக்கு மாது சிமெண்டு வெச்சுட்டா மாத்தவே முடியாது."

பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எழுந்தார்கள். சாமியாரிடம்தான் போகிறார்கள் என்று இன்னாசி தலையைக் குனிந்துகொண்டார்.

காலடிச் சத்தம் வாசல் பக்கம் போகவில்லை. நிமிர்ந்து பார்த்தார். ராயம்மாள் கோழிக்கொண்டையை அள்ளி எடுத்துக்கொண்டு நீளக்குழிக்குப் போய்க்கொண்டிருந்தாள். மிக்கேலம்மாள் செண்டுமல்லியோடு இந்தப் பக்கம் வந்தாள். நடுவில் ஒருவருக்கொருவர் வழிவிட்டு, பழகிய இடத்தில் உட்காருவதுபோல் உட்கார்ந்தார்கள்.

"அப்பாடா," என்றாள் ராயம்மாள். "இனிமே நீங்க கேட்டைத் தாண்டற வரைக்கும் நாங்க குளுருல காத்துக்கெடக்க வேண்டியதில்லீங்ண்ணா."