குசகாபே சான்

"குசகாபே சான், தள்ளி நில்லுங்க. ஆவி அடிச்சா முகம் வெந்துடும்."

சொன்னவர் தொகாஷி, ஓதவாரா ஊரில் கமாபோகோ என்ற வேகவைத்த மீன் பலகாரம் செய்யும் தொழிற்சாலையின் மேற்பார்வையாளர். மீன் மசியல் வேகும் பெட்டியிலிருந்து அவள் ரப்பர் பூட்ஸோடு பின்வாங்கினாள். மற்றவர்களை வெறும் பெயர் சொல்லி "வா, போ" என்று விரட்டுகிற மனிதர், அவளுக்கு மட்டும் 'சான்' போட்டு "வாங்க, போங்க" என்பார். வெளியாளுக்குக் கொடுக்கிற மரியாதை அது. அவளுக்கு வலித்தது.

அவள் மென்பொருள் இன்ஜினியர். வாடிக்கையாளர் இடத்திலேயே ஆளை உட்காரவைத்துப் புரோகிராம் எழுதுவது அவள் கம்பெனியின் வழக்கம். வந்த புதிதில் லேப்டாப்பும் கையுமாக மூலையில் கிடந்தாள். பிறகு மீன் மசிக்கக் கற்றாள். பதத்தைத் தொட்டே சொல்லக் கற்றாள். எந்தக் கடையில் எவ்வளவு விற்கும் என்று அவள் புரோகிராம் முந்தின நாளே சொன்னதும், மிஞ்சிய கமாபோகோவைக் குப்பையில் கொட்டுவது நின்றது. புத்தாண்டு விற்பனையையும் கூட இருந்து பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை.

அதற்குள் டோக்கியோவிலிருந்து அவள் கம்பெனித் தலைவரே வந்து நின்றார்.

"இங்கதான் வேலை முடிஞ்சுபோச்சே. ஒசாகாவுல ஒரு பெரிய பாங்க்ல ஆள் கேக்கறாங்க. இவங்களைக் கூட்டிட்டுப் போறேன்."

தொகாஷி நிதானமாகக் கையுறையைக் கழற்றினார். சரி என்றுதான் சொல்லப்போகிறார், நான் யாரோதானே என்று அவள் தரையைப் பார்த்தாள்.

"முடியாதுங்க."

"ஏன்? புரோகிராம் நல்லாத்தானே ஓடுது?"

"ஓடுது. குளிர் வந்தா மீன் மாறும், கடைக்காரன் மனசு மாறும். அப்ப யார் பாக்கறது?"

"வேற நல்ல ஆளா அனுப்பறேன்."

"எவ்வளவு நல்லவரா இருந்தாலும் அவர் உங்க ஆளு. இவ எங்க ஆளு."

தொகாஷி அவள் பக்கம் திரும்பினார்.

"இனோமாதா, என்னத்த வேடிக்கை பாக்கற? குசகாபே சான் நம்மளத் தேடி வந்திருக்காரு. சூடா ஒண்ணு வெட்டிக் குடு, போ."

தன் சொந்தப் பெயரைக் கேட்ட இனோமாதாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. குசகாபே என்பது அவளை அனுப்பிய கம்பெனியின் பெயர்; வெளியாட்களை அப்படிக் கம்பெனிப் பெயரால் கூப்பிடுவது அங்கே வழக்கம். இத்தனை மாதமும் அதையே அவளுக்குப் பெயராக வைத்திருந்த தொகாஷி, இன்று அதை உரிய தலைவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.