லோறன்ஸுக்கு அடித்த அலை

பாரிஸ் லா சப்பல் தமிழ்ச் சங்கத்தின் 1988 தலைவர் தேர்தலில் வளர்பிறைக் கட்சியின் வேட்பாளர் லோறன்ஸா, எமிலா? ஞாயிற்றுக்கிழமை கட்சிக்குள் வாக்கெடுப்பு.

வெள்ளிக்கிழமை நத்தார் என்ற கிறிஸ்மஸ் நாடக ஒத்திகைக்குக் கூடியபோதுகூட எல்லாரும் எமில் பக்கம்தான். லோறன்ஸுக்கு இருந்த ஒரே வாக்கு லோறன்ஸ்.

சனிக்கிழமை காற்று மாறி அடித்தது.

"லோறன்ஸ் அண்ணை, என்ரை ஆதரவு உங்களுக்குத்தான்!" என்றார் கடைக்கார ஞானரட்ணம்.

"எமிலுக்கெண்டெல்லோ சொன்னனீர்?"

"அது நேற்று!"

மத்தியானத்துக்குள் சலூன்காரரும் தையல்கடைப் புஸ்பராணியும் பக்கம் மாறினார்கள். மாலையில், நாடகத்தை இயக்கும் எமிலே வந்து கையைக் குலுக்கினார். "நான் விலகிக்கிறேன் மொசியே லோறன்ஸ். நீங்கதான் தலைவரா வரணும்!"

ஞாயிறு, ஒரு வாக்குக்கூடச் சிதறவில்லை.

லோறன்ஸ் வீட்டுக்குப் பறந்து வந்தார். "பேர்ளி, எதிர்க்கட்சியும் எனக்குத்தான் ஆதரவாம்! இந்த வருசம் தலைவரும் நான், நாடகத்திலை ஏரோது ராசாவும் நான்!"

மனைவி சிரிப்பை அடக்கினாள். "இஞ்சாருங்கோ, தலைவர் நாடகத்திலை நடிக்கேலாது. அது சங்க விதி. வெள்ளிக்கிழமை ஒத்திகையிலை நீங்கள் ஒன்றரை மணித்தியாலம் பாடினதைக் கேட்டாப் பிறகு, நான்தான் எமிலுக்கு அதை ஞாபகப்படுத்தினனான்."

லோறன்ஸின் முகம் தொங்கிப்போனது.

"கவலைப்படாதேங்கோ. மேடையிலை தலைவர் உரை படிக்கலாம்."

"படிக்கலாமோ?"

"ஓம்."

லோறன்ஸ் தொண்டையைச் செருமி, "அன்பார்ந்த சபையோரே…" என்று ராகம் இழுக்கத் தொடங்கினார்.