மூக்குப் பரீட்சை

கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த தையற்காரர், அதை அப்படியே விட்டுவிட்டு வந்து மனைவியின் கண்களை ஒரு கையால் பொத்துகிறார். மறு கையில் காபித்தூள் டப்பா. வாசனை தெரியாமல் போவது மறதி நோயின் முதல் அறிகுறியாக இருக்கலாம் என்று, அக்குளில் இடுக்கியிருக்கும் நாளிதழில் போட்டிருக்கிறது. நேற்று ஒரு சட்டைக்குப் பொத்தான் வைக்க அவள் மறந்துபோனாள். அவருக்கு அது போதும். காஜா எடுக்கும் பெண்கள் இருவரும் ஊசியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கிறார்கள். ஜன்னல் வெயிலில் பஞ்சுத் தூசி மிதக்கிறது. “சொல்லு, என்ன வாசனை?” அவள் மூச்சை இழுத்து முகம் சுளிக்கிறாள். “துணி கருகுதுங்க.” “கேட்டீங்களா! காபித்தூள் இவளுக்குக் கருகின துணியாம். மறை கழண்டுபோச்சு!” வயிறு குலுங்கச் சிரிக்கிறார். பெண்கள் சிரிக்கவில்லை, மூக்கைப் பொத்திக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால் பார்க்கிறார்கள். திரும்புகிறார். கோட்டிலிருந்து புகை எழுகிறது. ஓடிப்போய் இஸ்திரிப்பெட்டியைத் தூக்குகிறார். குனிந்து முகர்கிறார். மறுபடியும் முகர்கிறார். பிறகு மெல்ல, காபித்தூள் டப்பாவுக்குள் மூக்கை நுழைக்கிறார். கீழே விழுந்த நாளிதழை அவள் எடுத்து, தூசி தட்டி, அவரிடம் நீட்டுகிறாள். “இன்னொரு தடவை படிங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரி.”