முந்நூற்று எண்பது

“பொய் சொல்லாதீங்க அண்ணி. பிஸ்கட் தின்னீங்கதானே?”

“அடிப்பாவி! நான் எதையுமே வாயில வைக்கலடி!”

சர்க்கரை பார்க்கும் மெஷினைக் கையில் பிடித்தபடி கட்டிலருகே நின்றாள் தங்கை. வீட்டில் அவளுக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ள அண்ணிக்குப் புற்றுநோயும் என்று தெரிந்த அன்றே, வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பெட்டியோடு வந்து இறங்கியவள்.

நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தான் அவள் அண்ணன், ஒரு மெக்கானிக். கட்டிலில் மனைவி, எதிரே தங்கை. யார் பக்கம் பேசினாலும் உதை அவனுக்குத்தான்.

“முந்நூத்தி எண்பது காட்டுதுண்ணே! காலையில நூத்தி முப்பதுதான் இருந்துச்சு.”

“ஆஸ்பத்திரியில சோர்வுக்குப் பெரிய டோஸ்ல வைட்டமின் சி டிரிப் ஏத்தினாங்க. அவ்வளவுதான்” என்றாள் மனைவி.

கீமோ தொடங்கியதிலிருந்து சாப்பாடு என்றாலே அவளுக்குக் குமட்டல். இன்னும் ஒரு கிலோ எடை குறைந்தால் அடுத்த கீமோவைத் தள்ளிப்போட வேண்டியதுதான் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். இதில் சர்க்கரை வேறு ஏறிவிட்டதா! அவன் ஆஸ்பத்திரி நர்சுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து விஷயத்தைச் சொன்னான்.

“ஐயய்யோ, இன்சுலின் கின்சுலின் போட்டுடாதீங்க சார்! அந்த டிரிப் ஏத்தினா வீட்டு மெஷின் ஏமாந்துடும். வைட்டமினையே சர்க்கரைன்னு நெனச்சு எகிறிக் காட்டும். லேப்ல பார்த்தாத்தான் சரியாத் தெரியும், கூட்டிட்டு வாங்க.”

“நல்ல வேளை சொன்னீங்க சிஸ்டர்! நீங்க நல்லா இருக்கணும்” என்றான் அவன்.

“கேட்டியாடி? அநியாயமாப் பழி போட்டியே!” என்றாள் மனைவி.

தங்கை மன்னிப்புக் கேட்கவில்லை. பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்து தேம்ப ஆரம்பித்தாள்.

“அப்ப நிஜமாவே ஒண்ணும் சாப்பிடலையா அண்ணி? நம்பரைப் பார்த்துப் பயந்தாலும், அப்பாடா, ஏதோ உள்ள போயிருக்குன்னு மனசுக்குள்ள கும்பிட்டேனே! ரெண்டு பிஸ்கட் தின்னாத் தப்பில்லைன்னு டாக்டரே சொன்னாரு. நான் கொடுத்தா வேணாம்பீங்க. திருட்டுத்தனமாவாவது தின்னட்டும்னு அந்தச் சின்ன பாக்கெட்டை உங்க கைக்கு எட்டற இடத்துல வெச்சதே நான்தான்...”

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. தலையணைக்கு அடியில் கையை விட்டு, காலி பிஸ்கட் உறையை எடுத்து நாத்தனாரின் மடியில் போட்டாள்.

“அழாதடி என் ராசாத்தி. மெஷின் மட்டும்தான் பொய் சொல்லணுமா? நான் சொல்லக் கூடாதா?”