வனிதா செய்த வானம்

மேசைக்குப் பின்னால் கல்லூரி முதல்வர் பிரகதாம்பாள். அவருக்கு வலப்பக்கம், மெத்தை வைத்த நாற்காலியில், இயற்பியல் துறைத்தலைவர் ஆத்மநாதன். ஜன்னலோரம், சாட்சிக்கு வந்த கணக்கு வாத்தியார் எழிலரசன். கதவை ஒட்டிப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் ஆராய்ச்சி மாணவி வனிதா.

மேசை நடுவில், பசை போட்டு ஒட்டிய காக்கி உறை.

முதல் நட்சத்திரங்கள் பிறந்த காலத்து ஹைட்ரஜனிலிருந்து கிளம்பிய ரேடியோ சிக்னல் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. பால்வெளியின் இரைச்சலுக்கு அடியில் அமுங்கிக் கிடக்கிறது, அவ்வளவுதான். அதைத் தோண்டியெடுக்கத் தன்னிடம் ஒரு வழி இருக்கிறது என்றார் ஆத்மநாதன்.

வழி சரிதானா என்று பார்க்க, வனிதா கணினியில் ஒரு பொய் வானம் செய்தாள். இரைச்சலைக் கொட்டி, அதற்குள் சிக்னலை ஒளித்துவைப்பது அவள் வேலை. கண்டுபிடிப்பது அவர் வேலை. ஒளித்த அலைவரிசை இரண்டே இடத்தில்தான் இருக்கும்: அந்த வானத்துக்குள், இந்த உறைக்குள்.

உறை முதல்வர் அறை பீரோவில் இருந்தது. பீரோவின் சாவி பீரோவிலேயே தொங்கும். இந்தக் கல்லூரியில் அப்படித்தான்.

விடை பொருந்தினால், ஆராய்ச்சிக்குப் பணம் தரும் பெங்களூர் நிறுவனத்துக்காரர்கள் ஆவுடையார்கோவில் பக்கம் நிஜ ஆண்டெனாவே நட்டுக் கொடுப்பார்கள். வனிதாவின் ஆய்வேட்டிலும் ஆத்மநாதன் கையெழுத்துப் போடுவார். போடாவிட்டால் அவள் இத்தனை வருஷம் படித்தது வீண்.

"மேடம், பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணுங்க" என்று எழுந்தாள்.

"ஒக்காரும்மா. மொதல்ல பிரிக்கட்டும், பெறகு ஒன் கதையக் கேப்போம்" என்றார் ஆத்மநாதன்.

உட்கார்ந்தாள்.

முதல்வர் உறையைக் கத்தரித்து வாசித்தார். எழுபத்திரண்டு புள்ளி நான்கு மெகாஹெர்ட்ஸ். ஆத்மநாதன் நீட்டிய தாளிலும் எழுபத்திரண்டு புள்ளி நான்கு.

எழிலரசன் கைதட்டினார். "கடைசிப் புள்ளி வரைக்கும் புடிச்சிட்டீங்களே சார்."

"வானம் செஞ்ச புள்ளையையும் சொல்லணும்ல. கொஞ்சம் மந்தம்தான். ஆனா சொல்லிக் குடுத்தாப் புரிஞ்சுக்கும்."

வனிதாவுக்குக் காது மடல் வரை சுட்டது.

அத்தனை இரைச்சலிலிருந்து நிஜமாகவே தோண்டியெடுத்தவருக்கு ஒரு பிசிறாவது தட்டும். இவர் விடையில் அதுகூட இல்லை. அந்த முகத்தில் கூச்சமும் இல்லை. மனுஷன் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார்.

காலையில் ஆலங்குடி பஸ்ஸில் வரும்போது, இவரிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்றல்லவா வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்! நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது.

"வானம் செஞ்சவங்க ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டாப் போதும்மா. இன்னைக்கே பெங்களூருக்கு அனுப்பிரலாம்" என்றார் முதல்வர்.

வனிதா நின்றபடியே எழுதினாள். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த மாதிரியே, மார்ஜின் விட்டு.

"ஒரு வரின்னா லீவு லெட்டருல்ல எழுதுது" என்று சிரித்தார் எழிலரசன்.

அவள் நிமிரவில்லை. முடித்ததும் தாளை முதல்வர் பக்கம் திருப்பி வைத்தாள்.

'ஐயா, மின்தடையால் என் நிரல் பாதியில் நின்றுபோனதை நேற்று மாலைதான் கண்டேன். அந்த வானத்தில் இரைச்சல் மட்டுமே உள்ளது. சிக்னல் சேர்க்கப்படவே இல்லை. கவனிக்காதது என் பிழை. இல்லாத சிக்னலைத் துறைத்தலைவர் அவர்கள் எங்கிருந்து எடுத்தார்கள் என்பதை அவர்களிடமே கேட்டறிய வேண்டுகிறேன்.'

முதல்வர் வாசித்தார். தலையைத் திருப்பிப் பீரோவைப் பார்த்தார். பிறகு தாளை ஆத்மநாதனிடம் நீட்டினார்.

அவர் வாசித்து முடிக்க வெகுநேரம் ஆனது.

"ஆய்வேட்டுல என் கையெழுத்து இன்னும் பாக்கி இருக்கும்மா."

"தெரியுங்க சார்."

எழிலரசன் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல்வர் இழுப்பறையிலிருந்து ஒரு புது உறையை எடுத்து வனிதாவின் முன்னால் வைத்தார். கோந்துப் புட்டியையும் அவள் பக்கம் நகர்த்தினார்.

வனிதா தாளை மடித்து உள்ளே வைத்தாள். ஓரம் விடாமல் தடவி ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தினாள். வாசலில் நின்ற அலுவலக உதவியாளர் அடைக்கலத்திடம் கொடுத்தாள்.

"ஸ்பீடு போஸ்ட்டுங்க, அண்ணே" என்றவள், அவர் இரண்டடி வைப்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே இறங்கினாள். "இருங்க, நானும் வாரேன்."