பின்னால் நின்றவர்

“ஏனுங்க்கா, சசிரேகாவுக்குப் பின்னாடி நிக்கறது யாருங்க?”

கோயமுத்தூரிலிருந்து கூட்டத்தை நடத்திக்கொண்டிருந்த ஆதித்யா போனில் கேட்டதும் ராஜப்ரியா லேப்டாப் திரையை உற்றுப் பார்த்தாள்.

மலைத்துணை அறக்கட்டளை ஆன்லைனில் நடத்தும் நிதி திரட்டும் கூட்டம் அது. சேரம்பாடிப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு ஒரு ஆம்புலன்ஸ் ஜீப் வாங்க வேண்டும். இருந்த ஓட்டை ஜீப்பும் போன மாசத்தோடு படுத்துவிட்டது. சென்னை, பெங்களூர், துபாய் என்று பல ஊர்க்காரர்களும் திரையில் கட்டம் கட்டமாக உட்கார்ந்திருந்தார்கள்.

ராஜப்ரியா குன்னூரில் ஒரு கூட்டுறவு சங்கத்தில் கிளார்க். தொண்டராக வந்தது இதுதான் முதல் தடவை. கொடுத்த வேலையும் ஒன்றே ஒன்றுதான். சசிரேகாவை நல்லபடியாகப் பேச வைக்க வேண்டும்.

சசிரேகா கொழுந்து பறிப்பவள். பிரசவ வலியில் துடித்து, அந்த ஓட்டை ஜீப் புண்ணியத்தில் பிழைத்தவள். மடியில் அந்தக் குழந்தை இருந்தது. “அவ பேசினா கல்லும் கரையுமுங்க” என்று ராஜப்ரியாதான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

கல் கரைகிற நேரத்தில், சிவபூஜையில் கரடி நுழைந்த மாதிரி இந்த ஆள்!

வாசற்படியை அடைத்துக்கொண்டு நின்றான். கழுத்துக்கு மேலே தெரியவில்லை. நனைந்த மழைக்கோட்டும் சேறு படிந்த லுங்கியும்தான் தெரிந்தன. சும்மாவும் நிற்கவில்லை. இந்தப் பக்கம் சாய்ந்தான், அந்தப் பக்கம் சாய்ந்தான், ஓரடி பின்னால் போனான், மறுபடி வந்தான்.

‘தண்ணி போட்டிருக்கார் போல’ என்று ஒருவர் சாட்டில் எழுதினார்.

‘ஜீப் வாங்கிக் கொடுத்தா இவர்தான் ஓட்டுவாரோ?’ என்று இன்னொருவர் கேட்டார்.

ராஜப்ரியாவுக்குச் சுருக்கென்றது. மைக்கைப் போட்டாள்.

“சசிரேகா, ஒரு நிமிஷம்மா. பின்னாடி நிக்கறவரைக் கொஞ்சம் அப்பால போகச் சொல்லு.”

“அக்கா, அவரு வந்து...”

“எல்லாரும் பாக்கறாங்கம்மா. மொதல்ல போகச் சொல்லு.”

அவள் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. காதில் விழுந்ததும் அந்த ஆளே மறுபேச்சில்லாமல் விலகிப் போனான். வாசலில் வெளிச்சம் வந்தது. அப்பாடா என்று ராஜப்ரியா மூச்சு விட்டாள்.

மறுகணம் சசிரேகாவின் முகம் வாய் திறந்தபடியே நின்றுபோனது. அப்புறம் அவளுடைய கட்டமே காணாமல் போனது.

போன் அடித்தால், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. ஆதித்யா எதையெதையோ பேசிச் சமாளித்தான். திரையில் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டிருந்தார்கள். ஜீப் கைநழுவிப் போவது ராஜப்ரியாவின் கண்ணெதிரே நடந்தது.

‘குன்னூர் தந்தி மாரியம்மா, அந்தப் புள்ளையை மட்டும் திரும்பக் கொண்டு வந்துரு தாயி.’

தாயி கைவிடவில்லை. சசிரேகா வந்துவிட்டாள். கூடவே வாசலில் அதே மழைக்கோட்டும் வந்தது! ராஜப்ரியா பல்லைக் கடித்துக்கொண்டாள். இந்த முறை வாயைத் திறக்கவில்லை.

சசிரேகா பேசினாள்.

“எனக்கு வந்த ஜீப்பு அடுத்தவளுக்கும் வரணுங்க. தூளி கட்டித் தூக்கிட்டுப் போக எங்க லைன்ல ஆளு இருக்காங்க. ஆனா பாதி வழியில யானை நிக்குங்க. அது கெளம்புற வரைக்கும் வலி காத்திருக்குமாங்க?”

அதற்கு மேல் யாரும் சாட்டில் கிண்டல் செய்யவில்லை. நன்கொடையைக் காட்டும் பச்சைக் கோடு விறுவிறுவென்று ஏறி முனையைத் தொட்டது. “ஜீப் வந்துருச்சுங்க!” என்று கத்திய ஆதித்யாவுக்குக் குரல் உடைந்தது.

எல்லோரும் நன்றி சொல்லிப் போனபின் ராஜப்ரியாவும் சசிரேகாவும் மட்டும் மிஞ்சினார்கள்.

“உனக்குக் கோயிலே கட்டலாம் சசிரேகா. ஆமா, யாரு அந்த ஆளு?”

“பக்கத்து வீட்டு சுடலைண்ணன் அக்கா. பைப்படியில தண்ணி புடிக்கறதுல வந்த சண்டை. வருசக்கணக்கா எங்களுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்ல.”

“அதுதான் காரியத்தைக் கெடுக்க வந்து நின்னாரா?”

“ஐயோ, அப்படிச் சொல்லாதீங்கக்கா! மழை புடிச்சதும் என் போன்ல சிக்னல் செத்துப்போச்சு. லைன்லயே அவரு போன்ல மட்டும்தான் இருந்துச்சு. அதுவும் கூரையை ஒட்டித் தூக்கிப் புடிச்சாத்தான் நிக்கும். காத்தடிச்சா அங்க இங்க போகும், கூடவே ஆளும் நகரணும். அவரு போன்ல இருந்துதான் எனக்கு நெட்டு. நான் அழுதுட்டு நின்னதைப் பாத்து, ஒரு வார்த்தை பேசாம வந்து நின்னாரு. நீங்க சொன்னதும் போயிட்டாரு. நான்தான் ஓடிப்போய், ‘அண்ணே, வந்துருங்கண்ணே’ன்னு கூட்டியாந்தேன்.”

ராஜப்ரியாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

“அவரைக் கொஞ்சம் காட்டும்மா. மன்னிப்புக் கேக்கணும். கையெடுத்துக் கும்பிடணும்.”

சசிரேகா போனை மெல்ல மேலே திருப்பினாள். நனைந்த மழைக்கோட்டு தெரிந்தது. அதற்கு மேலே, தகரக் கூரையைத் தொட்டபடி, பிளாஸ்டிக் கவரில் சுற்றிய போனைப் பிடித்திருந்த ஒரு கை. மழைத்தண்ணீர் சட்டைக் கைக்குள் வழிந்து இறங்கியது. கடைசியாக முகம் தெரிந்தது.

ராஜப்ரியா கும்பிடுவதைப் பார்த்து சுடலை கூச்சத்தோடு கேட்டார்.

“மேடம், இப்ப கையை இறக்கிக்கலாங்களா?”